மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த மதர்போர்டு

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வரும், மறைக்கத்தான் வராது. வாய் அதுபாட்டுக்குச் சரளமாகப் பேசிக்கொண்டிருக்கும். காது இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். வேலையோ மெத்தைக் கடையில் விற்பனையாளர். படுத்ததும் தூக்கம் வரும், எழுந்ததும் முதுகுவலி போய்விடும் என்று நாளெல்லாம் சொல்ல வேண்டிய பிழைப்பு. அதற்காகவே காதை மூடும்படி முடி வளர்த்து வைத்திருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் முதல்முறையாகப் பெண் வீட்டுக்குப் போன அன்று, பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று ஒட்ட வெட்டிக்கொண்டு போனான். யாராவது தடுத்திருக்கலாம்.

கதவைத் திறந்த வருங்கால மாமியாரின் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.

"கம்ப்யூட்டர்ல ஆர்வம் உண்டா தம்பி?"

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற மகள் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் அறிவு அங்கேயே கழன்று விழுந்தது.

"உயிரே அதுதாங்க."

"அப்படியா! ஓவர்க்ளாக் எல்லாம் பண்ணுவீங்களா?"

"அது பண்ணாம எப்படிங்க?"

"சூட்டை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அவனுக்கு வியர்த்தது. "ஜன்னலைத் திறந்து வெச்சிடுவேன்."

மாமியார் ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தார். ஒரு கணம் அவனையே பார்த்தார். "நல்ல யோசனை," என்றார். கல்யாணம் நடந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையான அவனுக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. அவன் பிறந்த வீட்டில் மூன்று அண்ணன்களுக்குப் பின்னால் வந்தவன். டிவியில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்பதில்கூட அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடையில் மேனேஜர் வைத்ததுதான் சட்டம். மாமியார் வீட்டில்தான் முதன்முதலாக ஒரு மனுஷி அவன் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்கு அவன் அடிமையாகிப்போனான். அதை இழக்கக் கூடாது என்பதற்காகவே பொய்யைக் கட்டிக் காப்பாற்றினான். ஒட்ட வெட்டியதுதான் லட்சணம் என்று அவர் சொன்னதால் முடியைக்கூட மறுபடி வளர்க்கவில்லை. மாமியார் எதைப் பற்றிப் பேசினாலும் மோவாயைத் தடவிக்கொண்டு, "ம்… அது பொறுத்துத்தான்," என்பான். எதைப் பொறுத்து என்று அவர் கேட்டதே இல்லை. அவன் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டான்.

மாமியார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாமனார் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி நாள் கடலில். மாமியாருடைய டிரைவிங் பள்ளிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. நாள் முழுக்க அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, நடுங்கும் மாணவர்களோடு ஆமை வேகத்தில் ஊரைச் சுற்றி வருவார். வருஷக்கணக்காக அந்த வேலை செய்ததில் காலுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே எந்த ஆபத்தைப் பார்த்தாலும் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். பால் பொங்கினாலும் அழுத்தும். டிவி தொடரில் கெட்டவள் கதவைத் தட்டினாலும் அழுத்தும்.

"நாள் பூரா அடுத்தவங்க வேகத்துக்கு பிரேக் போட்டுட்டு வர்றாங்க. வீட்டுக்கு வந்தா எதையாவது விரட்டி ஓட்டணும்னு இருக்கும்ல," என்று மனைவி ஒருநாள் அவனுக்கு விளக்கினாள். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். யார் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

மாமியார் விரட்டி ஓட்டியது ப்ராசசரை. கம்ப்யூட்டரின் மூளையான அந்தச் சின்னச் சில்லுக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு வேகம் குறித்துத்தான் அனுப்புகிறார்கள். இதற்கு மேலும் ஓடுவாயா ராசா என்று கெஞ்சிக் கொஞ்சி, கூடக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டி, சூட்டைத் தணித்து, குறித்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதுதான் ஓவர்க்ளாக். உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் வருஷா வருஷம் தன் கடை மாடியில் இதற்கு ஒரு போட்டி வைப்பார். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கடையில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் உச்சியில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். அந்த உச்சியில் எப்போதும் ஐஸ்கட்டி என்ற பெயர்தான் இருந்தது. ஐஸ் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருக்கும் ஒரு மனிதரின் பட்டப்பெயர் அது. கம்ப்யூட்டரைக் குளிர்விக்கிற தண்ணீருக்குள் ஐஸைக் கொட்டி ஜெயித்துவிடுவார். அவருக்குக் கீழே, எல்லா வருஷமும், 'டிரைவிங் அக்கா'.

"இந்தத் தடவை புது ப்ராசசர், புது போர்டு. அந்த ஐஸ்கட்டியைக் கீழ இறக்காம விடறதில்ல," என்று மாமியார் சபதம் போட்டார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க கூட வந்து தேர்ந்தெடுத்துக் குடுக்கணும்."

மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறிவிட்டது.

*

கடைக்காரர் ஒல்லியான ஆள். பாதி உடம்பு அட்டைப்பெட்டிகளுக்குள்ளேயே இருக்கும். மாமியாரைக் கண்டதும் பல்லெல்லாம் வெளியே வந்தது.

"வாங்கக்கா! பூட்டு போட்டதா, போடாததா?"

"என்ன கேள்வி இது? போடாததுதான்."

மாப்பிள்ளை மோவாயைத் தடவினான். அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து ஒரு விஷயம் அவனுக்குப் பிடிபட்டது. சில ப்ராசசர்களின் வேகத்தைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுவார்களாம், ஏற்ற முடியாது. சிலவற்றை நம் கைக்கு விட்டுவிடுவார்களாம். அடடா, இவ்வளவுதானா என்று அவனுக்குத் தைரியம் வந்தது.

கடைக்காரர் ஒரே மாதிரியான மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். "மூணும் ஒரே ரகம்தான். ஆனா உள்ள இருக்கிற சிப் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒண்ணு பறக்கும், ஒண்ணு முனகும். பிரிச்சு மாட்டினாத்தான் தெரியும்."

"மாப்பிள்ளை, உங்க கையால ஒண்ணு எடுங்க."

மெத்தைக் கடைக்காரனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. முதல் பெட்டியை அழுத்தினான். இரண்டாவதை அழுத்தினான். மூன்றாவதை அழுத்தும்போது அட்டை கொஞ்சம் விறைப்பாக இருந்தது. "இது," என்றான். கடைக்காரர் அவனை ஒரு மகானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்து மதர்போர்டு. ப்ராசசரை உட்கார வைத்து, மின்சாரம் ஊட்டி, மற்ற எல்லாவற்றோடும் பேச வைக்கிற பெரிய பலகை அது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மண் நிறத்தில், பார்க்கவே பாவமாக இருந்தது. ஓரத்தில் கட்டைகட்டையாக உலோகப் பட்டைகள் துருத்திக்கொண்டு நின்றன. இன்னொன்று வெள்ளை வெளேரென்று, ஏறக்குறைய முழுவதையும் மூடிய பளபளக்கும் கவசத்தோடு, உள்ளுக்குள் கலர் கலராக விளக்கு எரிய, கல்யாண மேடைபோல இருந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

அவன் மண் நிறத்தை அழுத்தினான். பட்டை விரலைக் குத்தியது. வெள்ளையைத் தூக்கிப் பார்த்தான். நல்ல கனம். கவசத்தை அழுத்தினான். கும்மென்று இருந்தது.

"இதுதான் அத்தை," என்றான். குரலில் கடைப் பேச்சு தானாக ஏறிக்கொண்டது. "அடித்தளம் கெட்டியா இருக்கணும். அது அமைஞ்சிட்டா மேல என்ன வேகம் வெச்சாலும் தாங்கும். இது ஆயுசுக்கும் குழி விழாது."

மாமியாரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது.

அவன் அதைப் பார்த்தான். எங்கேயோ பூச்சி போகிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். அழுத்திய கால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல எழும்பியது.

"அக்கா, ஆனா அந்த வெள்ளை போர்டு வந்து…" என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை சொல்லிட்டாரு. பில் போடுங்க," என்றார் மாமியார்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தரையில் நடக்கவில்லை. பெட்டியைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தான். 'மாப்பிள்ளை சொல்லிட்டாரு.' பெற்ற தகப்பன்கூட அவனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.

*

அந்த வாரம் முழுவதும் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் படாதபாடு பட்டார்கள். மெத்தை வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவன் மதர்போர்டைப் பற்றிப் பேசினான். வெள்ளிக்கிழமை பருமனான மனிதர் ஒருவர் வந்து, இருப்பதிலேயே அகலமான மெத்தையில் ஏறி மல்லாந்து படுத்தார்.

"மெத்தைங்கிறது சார், கம்ப்யூட்டர்ல மதர்போர்டு மாதிரி," என்று ஆரம்பித்தான் மாப்பிள்ளை.

மூடியிருந்த கண்கள் திறந்தன. "ஓ! உனக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி? என்ன போர்டு வெச்சிருக்கே?"

அவன் பெருமையோடு சொன்னான். வெள்ளைக் கவசம், விளக்கு, கனம். ஓவர்க்ளாக் போட்டிக்காகவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என்றும் சொன்னான்.

அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம் மெத்தை குலுங்கியது, பக்கத்து மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதியர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அந்த போர்டா! ஐயோ தம்பி! அதுல ஓவர்க்ளாக் பண்ற வசதியே கிடையாதே! பூட்டு இல்லாத ப்ராசசரைக் கொண்டுபோய் அதுல மாட்டினா, அந்த ஆப்ஷன் திரையில வெளிறிப்போய்க் கிடக்கும், தொடவே முடியாது. அந்தக் கவசம் வெறும் ஷோ. எந்தப் புத்திசாலி வாங்கினான்?"

"எனக்கு… எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்."

"உன் காது ஏன் இப்படிச் செவக்குது?"

அந்த மனிதர் மெத்தையை வாங்கிக்கொண்டு, ஐஸ் தொழிற்சாலைக்கு அனுப்பி வைக்கச் சொன்னார். "ஃபோர்மேன்னு சொன்னா போதும். இல்லாட்டி ஐஸ்கட்டின்னு கேளு, எல்லாருக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை அவர் படுத்திருந்த மெத்தையிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. மாமியார் அத்தனை பேர் முன்னிலையில் திரையைத் திறப்பார். அந்த ஆப்ஷன் வெளிறிப்போய்க் கிடக்கும். ஐஸ்கட்டி குலுங்குவார். எல்லாம் அவனுடைய கட்டைவிரலால்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் சாயங்காலம் வீட்டுக்குப் போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மாமியார் போனில் கப்பலோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"போர்டு மாப்பிள்ளை பார்த்து எடுத்ததுங்க. ஆமா, அவரேதான். நான் வாயே திறக்கலியே. அவரு கையில எடுத்தவுடனே சொல்லிட்டாரு."

அவன் சத்தமில்லாமல் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு ஓடினான். அந்த மண் நிற போர்டைத் தன் பணத்தில் வாங்கி, மாமியார் வகுப்பு எடுக்கப் போகிற நேரமாகப் பார்த்து மாற்றிவிடுவது என்று திட்டம். எப்படி மாற்றுவது என்று அவனுக்குத் தெரியாது. அது அப்புறம் வர வேண்டிய கவலை.

"அதுவா? ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. போயிடுச்சே," என்றார் கடைக்காரர்.

"யார் வாங்கினது?"

கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். "யாரோ."

ஊரில் இருந்த மற்றக் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினான். எங்கும் இல்லை. வீட்டுக்குத் திரும்பியபோது மாமியாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. "அம்மா கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணிட்டு இருக்காங்க. யாரும் உள்ள வரக் கூடாதாம்," என்றாள் மனைவி. அவள் கை எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்ததை அவன் கவனிக்கிற நிலையில் இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மாடி திமிலோகப்பட்டது. மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு நாலு ஆள். விசிறிகள் இரைச்சல் போட்டன. கரும்பலகை ஓரத்தில் கடைக்காரர் சாக்பீஸோடு நின்றார். விதி சுலபமானது. ஒரு வேகம் சொல்ல வேண்டும், சோதனை புரோகிராம் முடிகிறவரை அந்த வேகம் இறங்காமல் ஓட வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

ஐஸ்கட்டி வாளியோடு வந்து முதல் வாய்ப்பிலேயே ஐந்து புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் ஓட்டிக் காட்டினார். சாக்பீஸ் கிறீச்சிட்டது. மாடியே கைதட்டியது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே திரும்பியவர், டிரைவிங் அக்காவின் மேசைமேல் வெள்ளைக் கவசம் பளபளப்பதையும் அதன் பக்கத்தில் மெத்தைக் கடைத் தம்பி நிற்பதையும் கண்டார். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐந்து புள்ளி ஒன்பது," என்ற மாமியாரின் குரல் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். திரையில் அந்த ஆப்ஷன் வெளிறிப்போய்க் கிடக்கவில்லை. மாமியாரின் விரல் தட்டத் தட்ட எண் ஏறியது. ஏறுகிறது! அவன் தேர்ந்தெடுத்த போர்டில் ஏறுகிறது! ஐஸ்கட்டியின் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தலை கிறுகிறுத்தது. தனக்கே தெரியாமல் தான் ஒரு மேதையாக இருக்கலாம் என்று தோன்றியது. மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பார்த்தியா? பார்த்தியா?" என்றான். அவள் எங்கேயோ பார்த்தாள்.

சோதனை ஓடத் தொடங்கியது. கால்வாசி தாண்டியது. பாதியில் வேகம் சட்டென்று சரிந்தது. ஐந்து புள்ளி நாலு. அப்புறம் ஐந்து.

"சிப் சூடாகலியே, அது பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு," என்று கூட்டத்தில் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துச் சொன்னார். "மின்சாரம் பங்கிடுற பகுதிதான் கொதிக்குது. மேல மூடியிருக்கிற கவசம் காத்தையே விட மாட்டேங்குது. அது சூடானா போர்டு தானா வேகத்தைக் குறைச்சிடும்."

முதல் வாய்ப்பு போயிற்று. மாமியார் கம்ப்யூட்டரை அணைத்து, அதன் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் திறந்தார். கை நேராக அந்தக் கவசத்தை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பரவால்ல, இப்படியே இன்னொரு தடவை ஓட்டுறேன்," என்றார். வலது கால் மட்டும் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். கவசத்தின் விளிம்பில் நீலமாக ஏதோ தெரிந்தது. இருபுறமும் ஒட்டுகிற டேப். அது அவனுக்குத் தெரிந்த டேப். மெத்தைகளில் விலைச் சீட்டு ஒட்ட அவன் பையிலேயே வைத்திருக்கிற சுருள். மனைவி முதுகுக்குப் பின்னால் ஒளித்தது அதுதான். இன்னும் குனிந்தான். கவசத்துக்கு அடியில், இருட்டில், கட்டைகட்டையான உலோகப் பட்டைகள் தெரிந்தன. மண் நிறம்.

அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. அந்த ஒரே ஒரு போர்டை வாங்கிப் போன 'யாரோ' யார் என்று விளங்கிற்று. கடையில் அன்று பூச்சி எதுவும் போகவில்லை என்று விளங்கிற்று. அது தவறான போர்டு என்று தெரிந்தே மாமியார் வாங்கியிருக்கிறார். பிறகு சரியானதையும் வாங்கி, அவன் எடுத்த போர்டின் கவசத்தைக் கழற்றி அதன்மேல் ஒட்டி, ஜெயித்தால் மாப்பிள்ளை எடுத்த போர்டே ஜெயித்ததாக இருக்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். இப்போது அதே கவசம் மூச்சை அடைக்கிறது. அதைப் பிய்த்து எறிந்தால் ஜெயிக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் மானம் போய்விடும். அதனால் தோற்கப் போகிறார். இத்தனை வருஷம் காத்திருந்த கரும்பலகையை, ஜன்னலைத் திறந்து வைக்கிற ஒரு மண்டுவுக்காக விட்டுக்கொடுக்கப் போகிறார்.

இவ்வளவு பெரிய அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அத்தை, நிறுத்துங்க," என்றான். குரல் கொஞ்சம் கீச்சிட்டது. "அந்த மூடியைக் கழட்டணும். நான் எடுத்தது தப்பான போர்டு. விளக்கு எரிஞ்சுதுன்னு எடுத்தேன். அழுத்திப் பார்த்து எடுத்தேன். எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. முதல் நாள்ல இருந்தே தெரியாது. உங்ககிட்ட சொன்னது அத்தனையும் புளுகு."

மாமியாரும் மனைவியும் ஐஸ்கட்டியும் அவன் காதைப் பார்த்தார்கள். அது சாதாரணமாக இருந்தது.

"தள்ளுங்க அத்தை. இந்த டேப்பைப் பிடிச்சு இழுத்தா பட்டையே பேந்து வந்துடும். இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை," என்று முன்னால் வந்தான். மூலையில் கட்டைவிரலை வைத்து, தினமும் மெத்தைகளில் விலைச் சீட்டு உரிப்பதுபோல, அவசரப்படாமல் உருட்டி உருட்டிப் பிரித்தான். நீல டேப் முனகிக்கொண்டே வந்தது. கவசம் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த மண் நிற அவலட்சணம் வெளிச்சத்தைப் பார்த்தது.

"ஓஹோ!" என்று ஒரு பெரிய குரல் கேட்டது. ஐஸ்கட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன்னுடைய உபரி விசிறி ஒன்றை மேசைமேல் வைத்தார். "இதை அந்தப் பட்டை மேல திருப்பி வைங்க டீச்சரம்மா. தோத்தா ஒழுங்கா ஓடுற வண்டிகிட்ட தோக்கணும்."

இரண்டாம் வாய்ப்பு. ஐந்து புள்ளி ஒன்பது. கால்வாசி. பாதி. மாமியார் கால் தரையிலிருந்து எழும்பியே இருந்தது. முக்கால்வாசி. மனைவி அவன் கையைப் பிடித்து நசுக்கினாள். கடைக்காரர் சாக்பீஸைக் கடித்துக்கொண்டிருந்தார். எண் அசையவில்லை. சோதனை முடிந்தது என்று திரை சொன்னது. சொன்ன மறுநொடி கம்ப்யூட்டர் மூர்ச்சையாகித் திரை கறுத்துவிட்டது. ஆனால் முடிந்தது முடிந்ததுதான்.

மாடி அதிர்ந்தது. மாமியார் குதித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பான மனுஷி, இரண்டு காலாலும் குதித்தார். மாப்பிள்ளை யாரென்று பார்க்காமல் ஐஸ்கட்டியைக் கட்டிக்கொண்டான், கை பாதி தூரம்தான் எட்டியது. அவரோ காலியான ப்ராசசர் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்படி ஒரு சிப்பை நான் பார்த்ததே இல்ல. வெறும் தண்ணியில இந்த ஓட்டமா! இதை யார் எடுத்தது?"

"மாப்பிள்ளை," என்றார் மாமியார். "மூணுல ஒண்ணு. அழுத்திப் பார்த்து எடுத்தாரு."

*

பள்ளிக் காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மாமியார் ஓட்டினார். மாப்பிள்ளை பின்னிருக்கையில் வெள்ளைக் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் களைத்துப்போயிருந்தாள்.

"அத்தை, எப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"ஜன்னலைத் திறந்து வெச்சிடுவேன்னு சொன்னீங்களே, அப்பவே."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

"காது அப்படிச் செவந்துதே! இந்த மனுஷனால காலத்துக்கும் என் பொண்ணை ஏமாத்த முடியாதுன்னு தெரிஞ்சுது. வேற என்ன வேணும்?" மாமியார் வளைவில் நிதானமாகத் திருப்பினார். "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. உங்ககிட்ட கேட்டதெல்லாம் நான் சும்மா கேக்கல. நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுக்க நிஜமாவே ஆசையாத்தான் இருந்துச்சு. தப்பா சொன்னா என்ன, எங்க வீட்டு ஆள்தானே சொல்றீங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணில் தூசு விழுந்தது என்று சொல்லலாமா என்று யோசித்தான். இன்றைக்குப் புளுக வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

"இன்னிக்கே எல்லாத்தையும் இறக்கி வெச்சிடுங்க," என்றார் மாமியார் சிரித்துக்கொண்டே. "வேற ஏதாவது பாக்கி இருக்கா?"

"நீச்சல் தெரியும்னு சொன்னேன்."

"தெரியாதா?"

"தண்ணியைப் பார்த்தாலே பயம்."

"சரி. அப்புறம்?"

"சின்ன வயசுல ஓட்டப் பந்தயத்துல கப் வாங்கினேன்னு சொன்னேன். அது எங்க மூணாவது அண்ணன்."

"ஐயோ பாவம். அவ்வளவுதானே?"

அவன் கொஞ்சம் தயங்கினான்.

"உங்க சூப்…"

கார் நடுரோட்டில் கிறீச்சென்று நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"என் சூப்புக்கு என்ன?"

"பிரமாதம்னு சொல்ல வந்தேன் அத்தை. அது மட்டும் சத்தியமா நிஜம்."

மாமியார் கையை நீட்டி மேலே இருந்த கண்ணாடியைப் பின்னிருக்கைப் பக்கம் மெல்லத் திருப்பி, அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.